மீட்க ஒருவர் வரவேண்டும்

மீட்பு என்ற சொல்லை நான் முதலில் கேட்டது கோயிலில் அல்ல, அடகுக் கடையில். "தை பொறந்ததும் மீட்டுடலாம்" என்பார் அம்மா. அதனால்தானோ என்னவோ, திருவருகைக் கால மறையுரைகளில் மீட்பர் வருகிறார் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கடையின் இரும்புப் பெட்டி நினைவுக்கு வரும். உள்ளே கிடக்கும் சங்கிலி தன்னைத்தானே மீட்டுக்கொள்ளாது. சீட்டோடும் பணத்தோடும் ஒருவர் வரவேண்டும்.

விவிலியத்திலும் இது முதலில் கொடுக்கல் வாங்கல் விஷயம்தான். லேவியர் நூலின் 25ஆம் அதிகாரத்தில், வறுமையால் நிலத்தை விற்றவனுக்காக, தன்னையே விற்றுக்கொண்டவனுக்காக, நெருங்கிய உறவினன் விலைகொடுத்து மீட்கிறான். எசாயா கடவுளையே அந்த உறவினனின் பெயரால் அழைக்கிறார். மீட்பதற்கு உறவாக இருக்கவேண்டும். கடவுள் மனிதக் குழந்தையாகப் பிறப்பதன் பொருளை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

அப்படியானால் நாம் சும்மா இருந்தால் போதுமா? 1943 நவம்பரில் பெர்லினின் டேகல் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் டீட்ரிக் போன்ஹோபர் சிறை அறையைத் திருவருகைக் காலத்தோடு ஒப்பிட்டார். கைதி உள்ளே என்ன செய்தாலும் கதவைத் திறப்பவர் வெளியில் இருக்கிறார் என்பது அதன் சாரம். எழுதியவர் சும்மா இருந்தவரல்ல, ஹிட்லருக்கு எதிரான சதியில் பங்கெடுத்தவர். சிறைக் கதவு அவருக்குத் திறக்கவுமில்லை. 1945 ஏப்ரல் 9 அன்று தூக்கிலிடப்பட்டார். ஆகவே இந்த நம்பிக்கை நல்லது நடந்துவிடும் என்ற உத்தரவாதமல்ல. செய்யவேண்டியதைச் செய்த பிறகும் கடைசித் தாழ்ப்பாள் என் கையில் இல்லை என்று ஒப்புக்கொள்வது.

எனக்கு அது ஏன் முக்கியம் என்றும் சொல்லிவிடுகிறேன். அம்மாவின் சங்கிலியைக் கடைசியாக அடகு வைத்தவன் நான். வட்டி கட்டாமல் ஏலத்தில் போனது. "பத்திரமா இருக்கும்மா" என்று அவர் சாகும்வரை சொன்னேன். அதே எடையில் இன்னொன்று வாங்கலாம், யாரிடம் கொடுப்பது? உன்னை நீயே மன்னிச்சுக்கோ என்கிறார்கள் நண்பர்கள். கடன்பட்டவனே கடனைத் தள்ளுபடி செய்துகொள்வது மாதிரி இருக்கிறது அது.

அந்தச் சங்கிலி தங்கைக்கென்று அம்மா சொல்லியிருந்தார். திருவருகையின் முதல் வாரம் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"தெரியும்ணே" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

மன்னித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அது வசூல். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன் என்றிருக்கிறாள். காத்திருக்கிறேன்.