தடைப்பட்ட கையும் தளராத ஆத்மாவும்

ஒரு கணத்தில் வலக்கை செயலற்றுப்போன மனிதன், அந்தக் கையை இன்னும் என்னுடையது என்று சொல்லும் உரிமையை இழந்துவிடுகிறானா என்பது, சித்தூர்க் கிராமங்களிலிருந்து பாரிசவாயு கண்டவர்களைத் திருப்பதிக்கு அழைத்து வரும் குடும்பங்களைக் காணும்போதெல்லாம் என் மனத்தில் எழும் வினாவாகும். திருமலை நம்பியிடம் ராமாயணம் பயின்ற ராமாநுஜர், தம் பிரம்மசூத்திர உரையான ஸ்ரீபாஷ்யத்தில் சரீரத்துக்கு லட்சணம் கூறுமிடத்தில், ஆத்மா தன் பிரயோஜனத்துக்காகத் தாங்கி நியமிக்கும் திரவியமே சரீரம் என்று நிறுவி, நோயால் செயலிழந்த உடலிலும் அந்த நியமன சக்தி அழிவதில்லை, தடைப்பட்டே நிற்கிறது என்று விளக்குகிறார்.

அந்தத் தடையை வெளியிலிருந்து தளர்த்த வழியுண்டா என்று இன்றைய மருத்துவமும் தேடுகிறது. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய சகாக்களும், மண்டையைத் திறவாமலே, தலைமேல் வைத்த கம்பிச்சுருளின் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் கைத்தசைகளை அசையச் செய்தார்கள். அம்முறையும், தலைவழியே ஒன்றிரண்டு மில்லிஆம்பியர் அளவே பாய்ச்சப்படும் மெல்லிய மின்னோட்டமும், இன்று பக்கவாத நோயாளிகளின் பயிற்சிக்குத் துணையாக ஆராயப்படுகின்றன. பலன் எல்லோருக்கும் ஒன்றுபோல் கிட்டுவதில்லை.

காந்தமே விரலை அசைக்குமானால் சங்கல்பம் எதற்கு என்று கேட்கலாம். காந்தத்தால் நிகழ்வது அசைவு மாத்திரம். பேரனுக்குத் தண்ணீர் கொடுக்க எண்ணிக் குவளையை நோக்கிக் கை நீட்டுவதே செயல். கருவி தடையைச் சற்றே தளர்த்தலாம்; முயல்வது ஆத்மாவின் தர்மம்.

ஆதலால், வேங்கடவனை வேண்டிக்கொள்ளும் அன்பர்களே, திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் ஆதரவில் எழுந்த ஸ்ரீ வேங்கடேசுவர மருத்துவ விஞ்ஞான நிலையத்தின் வாசலையும் அவன் அருளின் வாசலாகவே கருதி, நோய் கண்ட மாத்திரத்தில் வைத்தியத்தை நாடுங்கள். பின்னர் பயிற்சியை ஒருநாளும் கைவிடாதீர்கள்.