காது மட்டும் நிஜம்

ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது என்னிடம் இருந்த பெரிய சொத்து ஒரு கட்டு ட்ரம்ப் கார்டு. உயரம், எடை, மார்பளவு, போட்ட சண்டை, ஜெயித்த சண்டை என்று ஒவ்வொரு அட்டையிலும் எண்கள். அந்த எண்களை யார் எண்ணினார்கள் என்று ஒருவனும் கேட்டதில்லை. அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது எந்த அட்டையிலும் அச்சாகவில்லை, ஆனாலும் தெருவில் எல்லாருக்கும் தெரியும். அப்போது காலேஜ் படித்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு அண்ணன் ஒருநாள், “டேய், அதெல்லாம் செட்டப்புடா. யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சுக்கிட்டுதான் ரிங்குல ஏறுவாங்க” என்றார். நான் அழவில்லை. அவரோடு ஒரு மாதம் பேசவில்லை, அவ்வளவுதான்.

செட்டப் என்று தெரிந்ததும் சண்டை பார்ப்பது மெல்ல நின்றுபோனது. ஆனால் பல வருடம் கழித்து அந்த மனிதர்கள் எழுதிய சுயசரிதைகளைப் படிக்க ஆரம்பித்தேன், அது இன்னும் நிற்கவில்லை. நல்ல இலக்கியம் வாங்கி வைத்துப் படிக்காமல் கிடக்க, ஒரு மல்யுத்த வீரர் தன் முழங்கால் அறுவை சிகிச்சையை விவரிக்கும் நாற்பது பக்கத்தை ராத்திரி இரண்டு மணிவரை படித்திருக்கிறேன். கேட்டால் நண்பர்கள் சிரிக்கிறார்கள். பொய் சொல்வதையே தொழிலாக வைத்திருந்தவன் உண்மை சொல்கிறேன் என்று புத்தகம் போட்டால் அதை எதற்கு நம்ப வேண்டும்? நியாயமான கேள்விதான். இதை எழுதுவது கொஞ்சம் எனக்கே பதில் சொல்லிக்கொள்ளத்தான்.

அந்தத் தொழிலில் ‘கேஃபேப்’ என்று ஒரு சொல் உண்டு. திருவிழாக் கூடாரக்காரர்களின் குழூஉக்குறியிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். ரிங்குக்குள் நடப்பது நிஜம் என்ற நாடகத்தை ரிங்குக்கு வெளியேயும் விடாமல் காப்பாற்றுவதுதான் கேஃபேப். வில்லனும் ஹீரோவும் ஒரே ஹோட்டலில் சாப்பிடக் கூடாது, ஒரே காரில் போகக் கூடாது. 1984-ல் ஒரு தொலைக்காட்சி நிருபர், இது போலி என்று நினைக்கிறேன் என்று கேமரா முன்னால் சொன்னதற்கு டேவிட் ஷுல்ட்ஸ் என்ற வீரர் அவரைக் காதோடு சேர்த்து இரண்டு முறை அறைந்தார். 1987-ல் ஜிம் டக்கனும் அயர்ன் ஷேக்கும் நியூஜெர்சியில் ஒரே காரில் போதைப்பொருளோடு மாட்டினார்கள். கதைப்படி ஒருவர் அமெரிக்கக் கொடி பிடிப்பவர், இன்னொருவர் அமெரிக்காவைத் திட்டுகிற ஈரானியர். போதைப்பொருளைவிட, ரெண்டு பேரும் சேர்ந்து போனார்கள் என்பதே பெரிய அவமானமாகப் போயிற்று. கடைசியில் கேஃபேப்பை உடைத்தது மனசாட்சி அல்ல, காசு. 1989-ல் விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து தப்பிக்க, இது போட்டியே இல்லை, வெறும் பொழுதுபோக்கு என்று வின்ஸ் மக்மேனின் நிறுவனமே நியூஜெர்சி சட்டமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

பிறகு பத்து வருடம் கழித்து மிக் ஃபோலி ‘ஹேவ் எ நைஸ் டே’ எழுதினார். அவருக்காக எழுதித்தர ஒரு ஆளை நியமித்தார்கள். அது பிடிக்காமல் இவரே நூற்றுக்கணக்கான பக்கங்களைக் கையால் எழுதித் தள்ளினார். 1999-ல் வெளியான புத்தகம் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் முதலிடத்துக்குப் போனது. அந்த வெற்றியைப் பார்த்துத்தான் ராக்கிலிருந்து ரிக் ஃப்ளேர் வரை வரிசை கட்டி வந்தார்கள்.

பிலிப் லெஜ்யூன் என்ற பிரெஞ்சு விமர்சகர் 1975-ல், சுயசரிதை என்பது எழுத்தாளன் வாசகனோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம் என்றார். அட்டையில் உள்ள பெயரும், கதை சொல்லும் ‘நான்’-உம், கதைக்குள் வாழும் ‘நான்’-உம் ஒரே ஆள்தான் என்பது அதில் கிடைக்கும் வாக்குறுதி. அவர் ஹல்க் ஹோகனின் புத்தகத்தைப் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ! அட்டையில் ஹல்க் ஹோகன். பிறந்தபோது வைத்த பெயர் டெர்ரி பொலியா. 1991-ல் இந்த மனிதர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, காயத்துக்கு மருந்தாக எடுத்ததைத் தவிர ஸ்டீராய்டு தொட்டதில்லை என்கிறார். 1994-ல் மக்மேன் மீதான வழக்கில் சாட்சிக்கூண்டில் ஏறி, பல வருடம் எடுத்தேன் என்கிறார். 2016-ல் காக்கர் இணையதளத்துக்கு எதிரான வழக்கில், வானொலியில் தன் உடம்பைப் பற்றி அடித்த தம்பட்டமெல்லாம் ஹோகன் என்ற பாத்திரம் பேசியது, பொலியா பேசியது அல்ல என்று வாதாடினார். அந்த வழக்கில் நடுவர்கள் அவருக்கு மொத்தம் 14 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். அப்படியென்றால் அவர் எழுதிய இரண்டு சுயசரிதைகளில் எந்த வரி யாருடையது? ராக் இந்த விஷயத்தில் நாணயமானவர். தன் புத்தகத்தின் ஒரு பகுதியை அந்தப் பாத்திரத்தின் குரலிலேயே எழுதிவிட்டார். படிக்கத்தான் சலிப்பாக இருக்கும்.

எண்களைப் பற்றி இவர்கள் சொல்லும் எதையும் நான் நம்புவதில்லை. வந்த கூட்டம், வாங்கிய சம்பளம், தூக்கிப் போட்ட ஆளின் எடை எல்லாம் ட்ரம்ப் கார்டு வகையறாதான். 1987-ல் ஹோகன் ஆந்த்ரே த ஜயண்டைத் தூக்கிப் போட்ட அன்று பாண்டியாக் அரங்கில் 93,173 பேர் என்று நிறுவனம் அறிவித்தது. 78,000 பக்கம்தான் இருக்கும் என்று கணக்குப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். 78,000 பேர் என்பதே எவ்வளவு பெரிய கூட்டம்! அது போதாமல் போனதுதான் இவர்களுடைய வியாதி.

ஆனால் இவர்கள் துல்லியமாகப் பேசும் இடம் ஒன்று உண்டு: எதிராளியின் கை. சண்டை செட்டப் என்றால் என்ன அர்த்தம் என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை, அந்த அண்ணனுக்கும் புரிந்திருக்காது. ஒருவன் உன்னைத் தலைகீழாகத் தூக்கும்போது உன் கழுத்தை அவனிடம் கடன் கொடுக்கிறாய். அவன் அதைப் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும். 1997 ஆகஸ்ட்டில் ஓவன் ஹார்ட் தலைகீழாக இறக்கியபோது கணக்குத் தவறி ஸ்டீவ் ஆஸ்டினின் கழுத்து அடிபட்டது. கை கால் கொஞ்ச நேரம் அசையவில்லை. ஆனால் முன்னமே பேசியபடி ஆஸ்டின்தான் ஜெயித்தாக வேண்டும். ஊர்ந்து வந்து ஓவனைப் பேருக்கு உருட்டி ஜெயித்தார். அந்தக் காட்சியில் எது நடிப்பு, எது நிஜம் என்று பிரிக்க முயன்று தோற்றிருக்கிறேன்.

பார்வையாளனிடம் பொய் சொல்வது அங்கே வேலை. சக வீரனிடம் பொய் சொல்வது பாவம். இந்த அறம் புரிந்தால்தான் மான்ட்ரியல் புரியும். 1997 நவம்பர் 9. சாம்பியனாக இருந்த பிரெட் ஹார்ட் போட்டி நிறுவனத்துக்குப் போகப்போகிறார். சொந்த நாடான கனடாவில், ஷான் மைக்கேல்ஸிடம் தோற்க மாட்டேன் என்கிறார். சரி, முடிவில்லாமல் முடிப்போம் என்று பேசிக்கொள்கிறார்கள். மேட்ச் நடுவில் மைக்கேல்ஸ் பிடி போட்ட கணத்தில், பிரெட் சரணடையாமலேயே மணியடிக்கச் சொல்லி மக்மேன் உத்தரவிடுகிறார். பிரெட் அவர் முகத்தில் துப்பினார், உடை மாற்றும் அறையில் குத்தினார். மைக்கேல்ஸ் அன்று, எனக்கு எதுவும் தெரியாது என்று சத்தியம் செய்தார். தெரியும் என்று பல வருடம் கழித்து ஒப்புக்கொண்டார்.

மைக்கேல்ஸின் சுயசரிதை 2005-ல் வந்தது. அதைக் கொண்டுவந்ததில் மணியடிக்கச் சொன்ன அதே நிறுவனத்துக்கும் பங்குண்டு. பிரெட்டின் புத்தகம் 2007-ல், வெளியார் பதிப்பு. அவர் பயணங்களில் ஒலிநாடாவில் தினமும் நாட்குறிப்பு பதிந்து வைத்தவர். அதனால் தேதி, ஊர், யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் கணக்காக இருக்கும். நான் பிரெட்டைத்தான் நம்புகிறேன். ஆனால் அவரைப் படிக்கும்போது ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். மனைவிக்குச் செய்த துரோகங்களைக்கூட மறைக்காத மனிதர், தன் புத்தகத்துக்குள் ஒரு வாக்குவாதத்தில்கூட தோற்பதே இல்லை. முடிவை முன்கூட்டியே எழுதிவைக்கும் பழக்கம் அத்தனை லேசில் போகாது போல.

தனக்கு எதிராக ஒருவன் சொல்வது உண்மையாக இருக்கும் என்று கொஞ்ச நாள் நினைத்தேன். பெருமையைத் தள்ளிவிட்டு அவமானத்தை நம்பு, அவ்வளவுதான் என்று. எடி கெரேரோ அந்த நம்பிக்கையை உடைத்தார். போதையில் விழுந்து, வேலை போய், குடும்பம் உடைந்து, மீண்டு, 2004-ல் சாம்பியன் ஆனவர். எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். ‘சீட்டிங் டெத், ஸ்டீலிங் லைஃப்’ என்று, சாவை ஏமாற்றியவன் என்ற தொனியில்தான் தலைப்பே. 2005 நவம்பரில் ஒரு ஹோட்டல் அறையில் இதயம் நின்று இறந்துபோனார். வயது 38. புத்தகம் அடுத்த மாதம் வந்தது. அதில் அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஆனால் விழுவது, மன்னிப்புக் கேட்பது, எழுந்து பெல்ட்டைத் தூக்கிப் பிடிப்பது என்ற அந்த வரிசையும் ரிங்கிலிருந்து வந்ததுதான். அவமானமும் விற்கும் என்று அந்தத் தொழிலுக்குத் தெரியும். கதை மீண்டுவிட்டது, உடம்பு மீளவில்லை.

அப்போ உடம்பை நம்பலாமா? ஃபோலியிடம் அதையும் சோதித்துப் பார்க்கலாம். 1994-ல் மியூனிக்கில் கயிற்றில் மாட்டி அவருடைய வலது காதின் பெரும்பகுதி அறுந்துபோனது. அதில் செட்டப் இல்லை. 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க்கில் அண்டர்டேக்கர் அவரைச் சுமார் 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து கீழே மேசைமீது எறிந்தார். அது பேசி வைத்தது. ஸ்ட்ரெச்சரிலிருந்து எழுந்து மறுபடி ஏறினார். இந்தமுறை கூரை பிய்ந்து உள்ளே விழுந்தார். அது பேசி வைத்தது அல்ல. உடைந்த பல் மூக்குத் துவாரத்துக்குள் போய்விட்டது. இவ்வளவையும் அவர் அருமையாக எழுதியிருக்கிறார். ஆனால் அந்த இரவின் பெரும்பகுதி தனக்கு நினைவில்லை, வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன் என்பார். அவருக்கு நடந்ததற்கு அவரும் என்னைப் போல ஒரு பார்வையாளர்தான். அந்த ஒப்புதலுக்காகவே அவரை மற்றவர்களுக்கு மேலே வைக்கிறேன்.

1999 ஜனவரியில் அவருக்கும் ராக்குக்கும் ஒரு மேட்ச். வாயால் ‘விலகுகிறேன்’ என்று சொன்னால்தான் தோல்வி. முதல் வரிசையில் ஃபோலியின் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும். பேரி ப்ளோஸ்டீன் எடுத்த ‘பியாண்ட் த மேட்’ ஆவணப்படத்தில் இது இருக்கிறது. பிள்ளைகள் பயப்படக் கூடாது என்று மேட்சுக்கு முன்பே ராக்கைக் காட்டிச் சமாதானப்படுத்துகிறார்கள். இந்த மாமா அப்பாவின் நண்பர், இது விளையாட்டு. அப்பா சொன்னது அத்தனையும் உண்மை. பிறகு கைவிலங்கு போட்ட ஃபோலியின் தலையில் ராக் இரும்பு நாற்காலியால் அடிக்கிறார். பேசி வைத்ததைவிட அதிகமாக, 11 முறை. ரத்தம். பிள்ளைகள் கதறுகிறார்கள். தாய் அவர்களை இழுத்துக்கொண்டு வெளியேறுகிறார். கடைசியில் அரங்கில் ஒலித்த ‘விலகுகிறேன்’ என்ற குரல்கூட முன்பே பதிவுசெய்து வைத்தது.

அந்த அண்ணன் என்னிடம் சொன்னதைத்தான் ஃபோலி தன் பிள்ளைகளிடம் சொல்லியிருந்தார். எல்லாம் செட்டப்புதான், பயப்படாதே. அது உண்மை, ஆனால் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் பொய். ஒரே வாக்கியம் எப்படி இரண்டுமாக இருந்தது என்று யோசித்தால், ராக்கோடு நட்பாக இருந்தார் என்பதும், யார் ஜெயிப்பார் என்று முன்பே தெரியும் என்பதும் வலியைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்று தோன்றுகிறது. நாம் கேட்ட கேள்வியே தப்பு. ஜெயித்தது நிஜமா என்று கேட்டுக்கொண்டிருந்தோம்.

பிறகு ப்ளோஸ்டீன் அந்தக் காட்சிகளை ஃபோலிக்குப் போட்டுக் காட்டுகிறார். அவ்வளவு பேச்சுக்காரர், பார்த்து முடித்ததும் சுருங்கிப்போகிறார். நல்ல தகப்பனாகத் தன்னை நினைக்க முடியவில்லை என்கிறார். 2001-ல் வந்த இரண்டாவது புத்தகத்தில் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கொஞ்சம் தன்னை நியாயப்படுத்தியும், கொஞ்சம் திட்டிக்கொண்டும். நான் அதிகமுறை திரும்பிப் படித்தவை அந்தப் பக்கங்கள்தான். எங்கே நடிக்கிறார், எங்கே இல்லை என்று ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் பென்சிலால் கோடு போடுகிறேன். அதற்குப் பிறகு படத்தை ஓட்டி, முதல் வரிசையில் அழும் அந்தச் சிறுமியின் முகத்தைப் பார்க்கிறேன். அவளிடம் யாரும் எதையும் பேசி வைத்திருக்கவில்லை.