வீணை நரம்பும் ஓடுவோன் கால்களும்

உடலை வருத்துவது அறமாகுமா? இக்கேள்வி துறவிகட்கு மட்டும் உரியதன்று. காவல்துறைத் தேர்வையும் படைத்தேர்வையும் எண்ணி, விடியுமுன் எழுந்து ஓடிப் பழகும் நம் இளைஞர்க்கும் உரியதாகும். மயங்கி விழுமளவு ஓடியவனே உழைப்பாளி, மறுநாள் இளைப்பாறியவன் சோம்பேறி என்னும் எண்ணம் அவர்களிடையே வேரூன்றியுள்ளது. பெரியோராகிய நாமும், "வருந்தாமல் எது வரும்?" என்று கேட்டு அவ்வேருக்கு நீர் வார்க்கின்றோம். இஃது ஆராய்தற்குரியது.

பௌத்தர்க்கு இவ்வாராய்ச்சி புதிதன்று. சம்பா நகரத்துச் செல்வர் மகனாகிய சோணர் துறவு பூண்டு, இராசகிருகத்தை அடுத்த சீதவனத்தில் நடைத்தியானம் பயின்றார். செல்வத்தில் வளர்ந்த மெல்லிய பாதங்கள் வெடித்தன; நடந்த தடமெங்கும் குருதி படிந்தது. அத்துணை முயன்றும் உள்ளம் விடுதலை பெறாமையால், இல்லறத்திற்கே மீளலாமோ என எண்ணினார். அப்பொழுது பகவான் அவர்பால் வந்து, வீணையில் வல்லவராயிருந்த அவரிடம், நரம்பு மிக முறுக்கேறியிருந்தால் இசை பிறக்குமா, மிகத் தளர்ந்திருந்தால் பிறக்குமா என வினவினார். இரண்டிலும் பிறவாது என்றார் சோணர். மிகுமுயற்சி மனக்கொந்தளிப்பையும் குறைமுயற்சி சோம்பலையும் தரும். ஆதலின் முயற்சியைச் சமன்செய்க எனப் பகவான் போதித்தார். அவ்வழி நின்ற சோணர் பின்னர் அருகத நிலை எய்தினார். பகவான் அக்குருதியைப் புகழவில்லை; நடையை நிறுத்தும்படி கூறவும் இல்லை. இவ்விரண்டையும் நாம் ஒருங்கே கருதல் வேண்டும்.

தொலைதூர ஓட்டப் பயிற்சியின் வரலாறும் வேறொரு வழியால் இவ்வுண்மையை வந்தடைந்துள்ளது. செக்கோஸ்லோவாகியா நாட்டு எமில் சாட்டோபெக், 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 5,000 மீட்டர், 10,000 மீட்டர், மாரத்தான் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்றார். 400 மீட்டர் தூரத்தை ஒரே நாளில் 40 தடவை விரைந்தோடிப் பழகியவர் அவர். ஓடும்போது அவர் முகம் வேதனையால் சுளிந்திருக்கும். அதனைக் கண்டோர், வேதனையே அவரை வெல்வித்தது என்றனர். ஆனால், ஒவ்வொரு விரைவோட்டத்திற்கும் இடையே அவர் மெல்லோட்டம் வைத்திருந்ததைப் பலர் கருதிலர். அவ்விடைவெளியே அடுத்த விரைவிற்கு ஆற்றல் தந்தது.

நியூசிலாந்தின் ஆர்தர் லிடியார்டு குறைந்த தூரத்தையும் மிகுந்த தூரத்தையும் தம் உடலிலேயே சோதித்து, வாரம் 100 மைல், அதாவது ஏறத்தாழ 160 கிலோமீட்டர் ஓடுவது தக்கதெனத் துணிந்தார். அதனையும் பேசிக்கொண்டே ஓடத்தக்க வேகத்தில் பல வாரங்கள் ஓடி அடித்தளம் இடவேண்டும். பிறகே மேட்டோட்டம், அதன்பின் விரைவோட்டம். போட்டி நெருங்குகையில் பயிற்சியைக் குறைத்தல் வேண்டும் என வகுத்தார். 1960 செப்டம்பர் 2 அன்று உரோமையில் அவர் பயிற்றிய பீட்டர் சினெல் 800 மீட்டரிலும், இளமையில் இடக்கை பழுதுற்ற மர்ரி ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வென்றனர்.

சாட்டோபெக்கும் லிடியார்டும் காலணித் தொழிற்சாலைகளில் உழைத்தவர்கள். தோலைத் தொடும் கையை இழிவென்று கற்பித்த நாட்டில் பிறந்த நாம் இதனை நினைவிற் கொள்வது நன்று.

உடற்கூற்றறிஞர் காட்டும் காரணமும் தெளிவானது. ஓட்டம் தசைகளைச் சற்றே சிதைக்கிறது. உறக்கத்திலும் ஓய்விலும் உடல் அவற்றை முன்னிலும் வலிவாகக் கட்டிக்கொள்கிறது. நீண்ட மெல்லோட்டத்தால் தசைகளில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் பெருகுகின்றன. ஓய்வை மறுத்தால் எலும்பில் நுண்முறிவும், உறக்கமின்மையும், மனச்சோர்வும் வருகின்றன. ஆகவே ஓய்வென்பது முயற்சிக்குப் பகையன்று. முயற்சியின் ஒரு பாதியே ஆகும்.

"அங்ஙனமாயின் மத்திய மார்க்கம் என்பது அரை முயற்சிதானோ?" என ஒருவர் வினவக்கூடும். அன்று. வாரம் 160 கிலோமீட்டர் ஓடுவோனை அரைமுயற்சியுடையோன் என யார் சொல்வர்? துன்பத்திற்கும் சுகத்திற்கும் நடுவே கயிறு பிடித்து அளந்த இடமன்று மத்திய மார்க்கம். எந்த முயற்சி தன் பயனை நோக்கி நம்மை வளர்க்கின்றதோ, எதனை நாளையும் மறுநாளும் தொடர இயலுமோ, அதுவே நன்முயற்சி. வலி வழியில் வரலாம், வலியே அளவுகோலாகாது.

நமக்கு இதில் மற்றொரு பொருளும் உண்டு. நம் முன்னோரின் உடலைப் பிறர் வயலிலும் சுரங்கத்திலும் வருத்தினர். வருத்திவிட்டு, அது முற்பிறவி வினைப்பயன் என்றும் ஓதினர். துன்பப்படுவதே புண்ணியம் என இன்று நாமும் நம்புவோமாயின், கழற்றி எறிந்த தளையை வேறு பெயரால் மீண்டும் பூண்டவராவோம். முன்னங்கால் எலும்பு வலிக்கிறது என்னும் இளைஞனைக் கோழை என்று ஏசி ஓடச் செய்கின்றோம். அவ்வெலும்பு முறிந்தால் தேர்வு போகும். வீட்டார் நம்பிக்கையும் போகும். உயிர்க்கு ஊறு செய்யேன் என நாம் ஏற்ற முதற்சீலம் அவ்விடத்தில் எங்கே நின்றது?

தளர்ந்த நரம்பும் நம்மிடம் உண்டு. 1898-இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் நிறுவினார். 1956 அக்டோபர் 14 அன்று அண்ணல் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் தம்மம் ஏற்றார். அந்நாட்களைக் கொண்டாடி, ஏனைய நாட்களில் சீலத்தையும் கல்வியையும் மறந்திருப்போமானால், ஒருநாள் மட்டும் விரைந்தோடி ஆண்டு முழுதும் படுத்திருப்பவனுக்கும் நமக்கும் வேறுபாடில்லை. தீட்சை ஓட்டத்தின் தொடக்கக் கோடு, முடிவுக் கோடன்று.

ஆதலின், பயிற்சி முடித்து வரும் பிள்ளையிடம், "எவ்வளவு வருந்தினாய்?" எனக் கேட்பதை விடுவோம். "நன்கு உண்டாயா, உறங்கினாயா, நாளையும் ஓட இயலுமா?" எனக் கேட்போம். அதே கேள்வியை நம் தம்மப் பயிற்சி குறித்து நம்மையும் நாம் நாள்தோறும் கேட்டுக்கொள்வோமாக.