ஈந்த பொருளும் எனதென்னும் பற்றும்

ஈகை என்னும் அறத்திற்குக் கொடுப்பானும், கொள்வானும், கொடுக்கப்படும் பொருளும் என மூன்று உறுப்புக்கள் உள. இவற்றுள், கொடுக்கப்படும் பொருளின் இயல்பு வேறுபடுந்தோறும் ஈகையின் இயல்பும் வேறுபடும். பசித்தார்க்கு இட்ட சோறு உண்டவளவில் ஒழியும். இரந்தார்க்கு ஈந்த பொன் செலவாகி நீங்கும். அவ்விடத்துக் கொடுத்தவன் தன் கொடையைத் திரும்பி நோக்குதற்கு ஒன்றும் எஞ்சுவதில்லை. ஓவியமும் சிற்பமும் போலும் அருங்கலைப் பொருள்களோ அத்தகையன அல்ல. ஆயிரவர் கண்டு துய்ப்பினும் அவை குறைவதில்லை. கொடுத்தவன் மாய்ந்த பின்னும் கொடுத்தபடியே நிற்கும். அங்ஙனம் நிற்றலின், கொடுத்துவிட்ட பொருளின்மேற் கொடுத்தவனுடைய விருப்பம் எத்துணைக் காலம் ஆளுதற்குரியது என்னும் வினா தோன்றுகின்றது. இது வழக்குமன்றத்தளவில் முடியும் வினா அன்று. அவன் உண்மையிற் கொடுத்தானா என்னும் அறவினாவே ஆகும்.

பொன்னைத் தொகுத்தானுக்கு ஒரு காசும் மற்றொரு காசும் தம்முள் வேறல்ல. கலைப்பொருள் தொகுத்தானுக்கோ ஒவ்வொன்றும் வேறு. ஒன்றைத் தேடிக் கண்டமையும், போலியினின்று மெய்யைப் பிரித்தறிந்தமையும், கைக்கு எட்டியதை விலை மிகுதியால் இழந்து வருந்தினமையும் அவன் உள்ளத்தே நிற்கும். தொகுதி முழுதும் அவனுடைய அறிவும் சுவையும் இயற்றிய ஒரு நூல் போல்வது. ஆதலின் அவனது பற்று, கருமியின் பற்றுப்போல இழிந்ததன்று; அன்பினின்று பிறந்தது. இழிந்த பற்றை இழிந்ததென அறிந்து விடுதல் ஓரளவு எளிது; அன்பின் வடிவில் நிற்கும் பற்றைப் பற்றென அறிதலே அரிது.

இதற்கு ஸ்காட்லாந்து தேயத்துக் கிளாஸ்கோ நகரினராகிய சர் வில்லியம் பரெல் என்பாரது வரலாறு தக்க சான்றாகும். 1861-ஆம் ஆண்டிற் பிறந்த இவர், உடன்பிறந்தாரொடு கூடிக் கப்பல் வாணிகத்திற் பெரும்பொருள் ஈட்டினார். முதல் உலகப்போர்க் காலத்திற் கப்பல்களிற் பெரும்பாலனவற்றை விற்று, எஞ்சிய வாழ்நாளைக் கலைப்பொருள் தொகுத்தற்கே உரியதாக்கினார். ஐரோப்பாவின் இடைக்காலத்துச் சித்திரம் நெய்த திரைச்சீலைகளும், வண்ணக் கண்ணாடிப் பலகணிகளும், சீனநாட்டு மட்கலங்களும், பிரஞ்சு ஓவியராகிய தெகாவின் படங்களும் அவர்பாற் சேர்ந்தன. 1944-ஆம் ஆண்டில் அவரும் அவர் மனைவியாரும் ஏறத்தாழ 6,000 பொருள்களைக் கிளாஸ்கோ நகராட்சியார்க்குக் கொடுத்தனர். மாளிகை எடுத்தற்கு 4,50,000 பவுனும் அளித்தனர். கொடுத்த பின்னும் பரெல் வாங்குதலை ஒழித்தாரல்லர். 1958-இல் இறக்குங்காறும் வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருந்தார்.

அவர் அக்கொடையோடு சில நிபந்தனைகளையும் வைத்தார். கிளாஸ்கோ அக்காலத்து ஆலைப்புகை மிக்க நகரம். புகையாற் பழைய நெசவுகள் கெடும் என்று அஞ்சி, நகரின் நடுவினின்று 16 மைலுக்குக் குறையாத தொலைவில், நாட்டுப்புறத்தே மாளிகை அமைதல் வேண்டும் என்றார். பொருள்களைக் கடல் கடந்த நாடுகளுக்கு இரவலாக அனுப்புதலும் ஆகாது என்றார். கடலின் இடுக்கண்களைக் கப்பல் வாணிகரினும் நன்கறிந்தார் யாவர்? இரண்டும் பொருளின்மேல் வைத்த பரிவினாற் கூறப்பட்டனவே. ஒன்றேனும் தற்பெருமை நோக்கியதன்று.

எனினும் விளைந்தது யாது? அத்துணைத் தொலைவில் ஏற்ற இடம் நகராட்சியார்க்கு வாய்த்திலது. 1956-ஆம் ஆண்டில் தூய காற்றுச் சட்டம் இயற்றப்பட்டு, நகரத்துப் புகை படிப்படியாகக் குறையலாயிற்று. 1967-ஆம் ஆண்டிற் பொல்லாக் என்னும் தோட்டம் நகரத்தார்க்குக் கிடைத்தது. அது நகரெல்லைக்குள்ளேயே உள்ளதாயினும், தரும கர்த்தர் இசைந்தமையால் ஆண்டு மாளிகை எடுக்கப்பட்டு, 1983-ஆம் ஆண்டிற் கதவு திறந்தது. கொடைக்கும் திறப்புக்கும் இடையே 39 ஆண்டுகள் கழிந்தன. கொடை நிகழ்ந்த ஞான்று பத்து வயதினனாயிருந்த சிறுவன், அதனைத் தன் ஊரில் முறையாகக் காணும்போது ஐம்பதை அணுகியிருப்பான். கொடுத்தவர் அஞ்சியது பொருளின் கேட்டை. அவ்வச்சத்தின் விலையைச் செலுத்தியவர் காணுதற்குரிய மக்கள். இரவல் பற்றிய தடையோ 2014-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்துச் சட்டமன்றம் தனிச்சட்டம் இயற்றிய பின்னரே நெகிழ்ந்தது.

ஈண்டு ஒரு சாரார், “நிபந்தனையோடு கொடுத்தது கொடையே அன்று, கயிற்றின் ஒரு தலையைக் கையிற் பிடித்துக்கொண்டு மற்றொரு தலையை நீட்டுதலே அது” என்பர். அது முழுதும் பொருந்தாது. கொடுத்த பொருளை விற்றுத் தின்னும் ஆட்சியாளரும் உளராகலின், காவலின்றிக் கொடுத்தல் சிலவிடத்து அறியாமையாகவே முடியும். ஆகவே நிபந்தனை உண்டோ இல்லையோ என்பது ஆராயற்பாலதன்று. அது யாரை நோக்கிற்று என்பதும், தன் காரணம் ஒழிந்தபின் தானும் ஒழிதற்கு இடங்கொடுக்கின்றதா என்பதுமே ஆராயற்பாலன.

அமெரிக்க தேயத்துப் பாஸ்டன் நகரில் இசபெல்லா ஸ்டுவார்ட் கார்ட்னர் என்னும் பெருமாட்டியார் தம் தொகுதிக்கென மாளிகை எடுப்பித்து 1903-இல் மக்களுக்குத் திறந்து வைத்தார். 1924-இல் அவர் இறந்தபொழுது, அங்குள்ளவற்றின் அமைப்பை மாற்றலாகாது என்றும், மாற்றின் அனைத்தும் ஹார்வர்டு கலாசாலைக்குச் சென்று விற்கப்படல் வேண்டும் என்றும் மரண சாசனம் நின்றது. 1990-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களிற் காவலர் உடையில் வந்த கள்வர் இருவர், ரெம்பிராண்டு, வெர்மீர் என்போர் ஓவியங்கள் உட்பட 13 பொருள்களைக் கவர்ந்து சென்றனர். அவை இன்றுகாறும் மீண்டில. ஓவியம் அறுத்தெடுக்கப்பட்ட வெறுஞ்சட்டங்கள் பழைய இடங்களிலேயே தொங்குகின்றன. வைத்தது வைத்தபடி இருத்தல் வேண்டும் என்று மானுடர் எழுதும் சாசனத்தை உலகம் எவ்வளவு மதிக்கும் என்பதற்கு அவ்வெறுஞ்சட்டங்களினும் சிறந்த விளக்கம் வேண்டுவதில்லை.

மாஸ்கோ நகரத்து வணிகராகிய பாவெல் திரெத்தியக்கோவ் என்பாரது நிலை வேறு. 1856-ஆம் ஆண்டு தொடங்கித் தம் நாட்டு ஓவியர் படைப்புக்களைத் தொகுத்த இவர், 1892-இல் அவற்றைத் தம் தம்பியார் தொகுதியோடு மாஸ்கோ நகரத்தார்க்கு அளித்தார். கட்டணமின்றி யாவரும் வந்து காணத் திறந்து வைத்தல் வேண்டும் என்பது அவர் விதித்தவற்றுள் ஒன்று. இந்நிபந்தனை பொருளையும் கடந்து காண்பாரை நோக்கிற்று. அக்கொடையைப் பாராட்டுதற்கு ஓவியர் மாநாடு கூடியபொழுது அவர் ஊரைவிட்டு அகன்றார். புகழை இங்ஙனம் துறந்த அவரும், பின்னர்ச் செய்த மரண சாசனத்தில், தமக்குப்பின் அத்தொகுதியிற் புதியன சேர்த்தல் விரும்பத்தக்கதன்று எனக் குறித்தார்! பெயரையும் பாராட்டையும் விட்ட நெஞ்சத்திலும், ‘யான் இயற்றியது இயற்றியபடி நிற்க’ என்னும் நுண்ணிய பற்று ஒளிந்திருத்தல் காண்க. அவர்க்குப் பின் வந்தோர் அவ்விருப்பத்தின்படி நில்லாது புதியன சேர்த்தனர். சேர்த்தமையாலேயே அக்கூடம் ஒருவர் காலத்தோடு நின்றுவிடாது அந்நாட்டு ஓவியம் முழுமைக்கும் இல்லமாயிற்று.

பெயரைத் துறத்தலால் விளையும் பயனுக்கு ஆண்ட்ரூ மெல்லன் செயல் சான்று. வாஷிங்டன் நகரில் தேசியக் கலைக்கூடம் எழுதற்குத் தம் ஓவியங்களையும் கட்டடப் பொருளையும் அளித்த அவர், அதற்குத் தம் பெயர் இடலாகாது என்றார். ஒருவர் பெயர் பொறித்த மாளிகைக்குப் பிறர் தம் அரும்பொருளைத் தர முன்வாரார் என்பது அவர் கருத்து. 1937-இல் அவர் இறந்தார்; 1941-இல் கூடம் திறந்தது. கிரெஸ், வைடெனர் முதலியோர் தொகுதிகள் அங்கே வந்து சேர்ந்தன. வரி வழக்கொன்று தம்மேல் நடந்த காலத்தே அவர் இதனைக் கொடுத்தமையின், கொடுத்த உள்ளம் தூயதோ என்று ஐயுற்றாரும் உளர். உள்ளத்தின் தூய்மை கொடுத்தானுக்கே பயன் தருவது. பெயர் எழுதாது விட்ட செயலின் பயனோ காண்பார் அனைவர்க்கும் உரியது. முன்னதை ஐயுறுவார்க்கும் பின்னதை மறுத்தல் இயலாது.

“பசித்தார் பலர் இருக்க ஓவியம் கொடுத்தல் அறமாமோ?” எனின், பசி தீர்த்தலே முதலறம் என்பதில் ஐயமில்லை. திரெத்தியக்கோவ் செவிப்புலன் இல்லாத சிறார் பயிலும் பள்ளியொன்றையும் பேணினார். ஓர் அறம் மற்றோர் அறத்தை விலக்குவதில்லை. அன்றியும், செல்வர் மனையிற் பூட்டிக் கிடக்கும் ஓவியம் பசித்தார்க்குச் சோறாவதும் இல்லை. பொதுவிடத்து வைத்தவழி, கூலி வேலை செய்வானும் தன் ஓய்வுநாளில் அரசர் கண்ட காட்சியைக் காண்பான். வயிறு நிரம்பிய பின்னும் மானுடர்க்கு ஒரு பசி உண்டென்பது அவன் அங்கு நிற்கும் நிலையினால் விளங்கும்.

இனி, கொடைக்கு முன்னே ஆராயற்பாலது மற்றொன்றும் உண்டு. தனதல்லாததை ஒருவன் கொடுத்தல் இயலாது. தஞ்சை நாட்டுச் சிவபுரத்தில் 1951-ஆம் ஆண்டு மண்ணினின்று வெளிப்பட்ட நடராசத் திருமேனி, பழுது பார்த்தற்கு வெளியே சென்றபொழுது, போலியொன்று கோயிலிற் புக, தான் கடல் கடந்தது. 1973-இல் அமெரிக்கச் செல்வராகிய நார்ட்டன் சைமனாரது நிறுவனம் அதனைப் பெருவிலை கொடுத்து வாங்கிற்று. பலரும் காணும் கலைக்கூடத்திற்கென வாங்கியதாயினும், வழக்கு எழுந்து, 1976-இல் உடன்பாடு செய்யப்பட்டு, 1986-இல் அஃது இந்தியாவுக்கு மீண்டது. முன்னொருவன் இறைவற்கென்று கொடுத்துவிட்ட பொருளைப் பின்னொருவன் உலகிற்கென்று மீளக் கொடுக்க உரிமை இல்லை. விலைச்சீட்டு ஒன்றே உடைமைக்குச் சான்றாகாது. வந்த வழி தூயதாதல் வேண்டும்.

அத்தகைய கோயில்களுக்கு நிவந்தம் விட்ட முன்னோரும் தம் அறம் நிலைபெறுதலை விரும்பினர். கெடுப்பாரைப் பழித்துரைத்தலோடு அமையாது, ‘இவ்வறத்தைக் காப்பாருடைய அடிகள் என் தலைமேலன’ என்னும் கருத்துப்பட அவர்கள் கல்லில் வெட்டுவித்தனர். இனி வருவானைக் கட்டி நிறுத்தாது, அவன் அடியைத் தாங்கி வேண்டிக்கொள்ளும் முறை அது. கொடுப்பவன் தலைவனாக நில்லாது, பின் வரும் காவலனுக்குத் தாழ்ந்து நிற்கின்றான்.

ஆகவே அரும்பொருள் தொகுத்தோர் அதனை உலகிற்கு விடுங்கால், வந்த வழியை முதலில் ஆராய்க. விற்றழிக்கப்படாமைக்கும் பலரும் காண்டற்கும் வேண்டும் காவலைச் செய்க. அதற்குமேல் இடமும் வரிசையும் இரவலும் பெயரும் பின் வருவார் அறிவிற்கே விடுக. அவர்தம் காலத்துப் புகையையும் கடலையும் அவரே அறிவர். அங்ஙனம் விட்டவழியே பொருளோடு ‘எனது’ என்பதும் உடன் கொடுக்கப்பட்டதாகும். பொருளை மட்டும் கொடுத்து அதனை விடாதான், தன் மாளிகையை இடம் மாற்றினானேயன்றி, ஈந்தான் ஆகான்.