பிள்ளைபிடிக்காரரும் எட்டாம் கற்பனையும்



2018-ம் ஆண்டு மே மாதத்தை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். வடநாட்டிலிருந்து பிள்ளைபிடிக்கிற கூட்டம் வந்திருக்கிறதென்று வாட்ஸ்அப்பில் பரவிய காலம் அது. சென்னையிலிருந்து குலதெய்வக் கோவிலுக்குப் புறப்பட்ட ஒரு குடும்பம், திருவண்ணாமலை மாவட்டம் போளூரருகே வண்டியை நிறுத்தியது. அதிலிருந்த மூதாட்டி ஒருத்தி, அங்கிருந்த சிறுபிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தாள். அவ்வளவுதான். ஊரார் கூடி அடித்ததில் அவள் இறந்தாள். உடன் வந்தவர்கள் படுகாயமடைந்தார்கள். அதே மாதம் நம் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் ஒரு மனிதன் அடித்துக் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டான்.

அடித்தவர்கள் நம்மைப் போன்ற பிள்ளைகுட்டிக்காரர்களே. பின் ஏன் நம்பினார்கள்? முதலாவது, பயம். பெற்ற வயிறு பதறும்போது புத்தி விசாரணை செய்யாது. இரண்டாவது, செய்தியை அனுப்பினவர் அந்நியர் அல்ல, மாமனும் மச்சானுமே. மூன்றாவது, கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டால் பொய்யும் மெய்யாகத் தோன்றும். 1977-ல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதைச் சோதித்துக் கண்டார்கள். நான்காவது, பிறர் அறியாத இரகசியம் தனக்குத் தெரியுமென்கிற பெருமை. இது ஆங்காரத்தின் தங்கை.

ஆதிக் கிறிஸ்தவர்கள் குழந்தைகளைக் கொன்று தின்கிறார்களென்று உரோமை இராச்சியத்தில் ஜனங்கள் நம்பினது உங்களுக்குத் தெரியுமா? ஏறக்குறைய கி.பி. 197-ல் கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியன் அந்தப் பழியை மறுத்து எழுத வேண்டியதாயிற்று. அன்று நம் முன்னோர் நின்ற இடத்தில்தான் அந்த மூதாட்டியும் நின்றாள்.

நமது அண்ணனூர் ரயிலடியிலும் புதுமுகங்கள் இறங்கத்தான் செய்கிறார்கள். பிழைப்புத் தேடி வந்தவன் தமிழ் பேசத் திணறினால், அதனால் அவன் திருடனாகிவிடுவானா?

ஆகையால் ஒரு செய்தி வந்தால், அனுப்புமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இதை நேரில் கண்டவர் யார்? எந்த ஊர், எந்தத் தேதி? இது பொய்யானால் யார் தலையில் விழும்? பதில் இல்லையேல் உங்களோடு நிற்கட்டும். பிள்ளைகளைக் குறித்து மெய்யாகவே சந்தேகம் வந்தால் 1098-க்குத் தெரிவியுங்கள், கையை ஓங்காதீர்கள். அனுப்பினது பொய்யென்று பிறகு அறிந்தால், வெட்கப்படாமல் அதே ஆட்களுக்குத் திருத்திச் சொல்லுங்கள். கெடுத்த பெயரைத் திருப்பிக் கொடுப்பதும் கடமையே.

பொய்ச்சாட்சி சொல்ல நீதிமன்றக் கூண்டு ஏற வேண்டியதில்லை, பிரியமானவர்களே. இக்காலத்தில் ஒரு விரல் போதும். இந்த வாரம் ஆத்தும சோதனை செய்யும்போது, நாவோடு அந்த விரலையும் சோதித்துப் பாருங்கள்.