பங்கு என்ற சொல்

வேலூர் காந்தி ரோட்டில் நடந்தால் வங்காள எழுத்துப் பலகைகள் கண்ணில் படாமல் போகாது. சி.எம்.சி. மருத்துவமனைக்கு வருகிற நோயாளிகளுக்காக லாட்ஜுகளும் சாப்பாட்டுக் கடைகளும் அவர்கள் மொழியைப் பழகிக்கொண்டன. அதே வங்கத்திலிருந்து தோல் வேலைக்கு வந்தவர்களுக்கு அந்த வரவேற்பு கிடைக்கவில்லை. 2015 ஜனவரி 31 அதிகாலையில், ராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில் கழிவுத் தொட்டியின் சுவர் உடைந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தினர். வேலை செய்த இடமே அவர்களுக்குப் படுக்கும் இடம்.

வேலூரை அடுத்த மேல்மொணவூரில் இன்னொரு கூட்டம். 1983 கலவரத்துக்குப் பிறகு அலை அலையாக வந்த இலங்கைத் தமிழர்களும் அவர்கள் பிள்ளைகளும் அங்குள்ள மறுவாழ்வு முகாமில் வாழ்கிறார்கள். முகாம்களுக்கென மாநில அரசு கட்டிய 1,591 வீடுகள் 2023 செப்டம்பரில் இங்கேதான் திறந்துவைக்கப்பட்டன. கூரை கிடைத்தது, குடியுரிமை கிடைக்கவில்லை. 2019 திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொன்னது. இலங்கை அதில் இல்லை.

இவர்களுக்குத் திருச்சபை என்ன கடன்பட்டிருக்கிறது?

கத்தோலிக்கர் தங்கள் ஊர்த் திருச்சபையைப் ‘பங்கு’ என்கிறார்கள். ஆதிச் சபைகள் இதற்கு வழங்கிய கிரேக்கச் சொல் ‘பரோய்க்கியா’. வேற்றூரில் குடியிருத்தல் என்று பொருள். தமிழிலோ பங்கு என்றால் பாகம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், கோயிலே வந்தேறிகளின் குடியிருப்பு. அங்கே வந்து நிற்பவருக்குச் சேர வேண்டியது அவருடைய பாகம். தமிழ் வேதாகமம் விசுவாசிகளையே பரதேசிகள் என்கிறது. நம் தெருவில் அது வசைச்சொல்லாகிவிட்டது.

தானம் கொடுப்பவர் மேலே நிற்கிறார், வாங்குபவர் கீழே. பாகம் கொடுக்கும்போது இந்த ஏற்றத்தாழ்வு இல்லை. இலங்கைத் தமிழர் தலைவர் செல்வநாயகத்தின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ‘ஆஃபர்’ அமைப்பில் அகதிகளே அகதிகளுக்காக உழைத்தார்கள். முகாம் பிள்ளைகளின் படிப்பை முதல் வேலையாக எடுத்துக்கொண்டார்கள். வியட்நாம் படகு அகதிகளைக் கண்டு கலங்கிய இயேசு சபைத் தலைவர் பேத்ரோ அருப்பே, அகதிகளுக்கென 1980இல் ஒரு பணியமைப்பையே உருவாக்கினார். அது தமிழக முகாம்களிலும் பணியாற்றியது.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைச் சபைகளிடம் பள்ளிக்கூடமும் மண்டபமும் படித்தவர்களும் உண்டு. ஞாயிறு மாலை ஆராதனை முடிந்ததும் அந்த மண்டபத்திலேயே ஒரு மேசை போடலாம். ஷூ கம்பெனித் தொழிலாளியின் இ.எஸ்.ஐ. அட்டை, பிடித்த பி.எஃப்., வராத கூலி, வெளிமாநில ரேஷன் அட்டைக்கு இங்கே அரிசி வாங்கும் வழி, இவற்றை இந்தி தெரிந்த ஒருவர் உட்கார்ந்து எழுதிக் கொடுக்கலாம். வருகிறவர் எந்தச் சாமியைக் கும்பிடுகிறார் என்று அந்த மேசையில் கேட்கக் கூடாது. கேட்டால் உதவி தூண்டிலாகிவிடும்.

சபையைச் சேர்ந்தவராகவே வருகிற முகாம்வாசிக்குக் கடைசி பெஞ்சு மட்டும் போதாது. மேல்மொணவூர்ப் பெண் ஒருவர் பங்குப் பேரவையில் உறுப்பினராக உட்கார்ந்து, திருவிழா வரவு செலவில் ஒரு கணக்கைக் காட்டி இது எதற்கு என்று கேட்க வேண்டும். பொருளாளர் ரசீதைத் தேடி எடுத்து அவருக்குப் பதில் சொல்ல வேண்டும்.