மறக்கருணை யார் சொல்ல வேண்டியது?

சென்னையில் ஒரு மருத்துவமனையில் ஸ்பைரோமெட்ரி சோதனை செய்வது என் வேலை. மூக்கில் கிளிப் மாட்டி, குழாயை வாயில் கவ்வி, மூச்சை முழுக்க இழுத்து வேகமாக ஊத வேண்டும். ரத்தப் புற்றுநோய்க்காக அண்ணனின் ஸ்டெம் செல்லைப் பெற்ற ஓர் இளைஞர் ஊதினார். முதல் நொடியில் வர வேண்டிய காற்றில் பாதிகூட வரவில்லை. சிறு மூச்சுக்குழாய்கள் தழும்பேறிச் சுருங்கினால் இப்படித்தான்: காற்று உள்ளே போகும், வெளியே வரத் திணறும். தழும்பு பெரும்பாலும் மாறாது. மூச்சுத்திறன் மேலும் சரியாமல் தடுக்கத்தான் மருந்து.

"அண்ணன் கொடுத்த செல்தானே அக்கா என் நுரையீரலைத் தாக்குது? இதையும் கருணைன்னு எடுத்துக்கச் சொல்றாங்க அம்மா" என்றார்.

நான் சைவ சித்தாந்த வகுப்புக்குப் போகிறவள். பெற்றவர் பிள்ளையை அடிப்பதுபோல இறைவன் ஒறுப்பதும் அருளே என்று சிவஞான சித்தியார் என்ற சாத்திர நூல் சொல்வதை நம்புகிறவள். அப்படி ஒறுக்கும் அருளை மறக்கருணை என்பார்கள். இந்த நோய் அதற்கே உதாரணம்போலத் தோன்றும். ஒளிந்திருக்கும் புற்றணுக்களைத் தேடி அழிப்பவை கொடையாளியின் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள். நுரையீரலை அந்நியம் என்று தாக்குபவையும் அவையே. 1980களில் மருத்துவர்கள் கொடையாளியின் மஜ்ஜையிலிருந்து டி செல்களை நீக்கிவிட்டுச் செலுத்திப் பார்த்தார்கள். தாக்குதல் குறைந்தது, புற்றுநோய் திரும்புவது கூடியது.

ஆனாலும் இதை மறக்கருணை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அடிக்கும் தாய்க்குப் பிள்ளையைத் தெரியும், எங்கே நிறுத்துவது என்றும் தெரியும். டி செல்லுக்கு இரண்டும் தெரியாது. அறிவில்லாத இடத்தில் கருணையும் இல்லை, குற்றமும் இல்லை. செல் கொடுப்பதற்காக எலும்பெல்லாம் வலிக்க ஊசி போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இயந்திரத்தோடு படுத்திருந்த அண்ணனிடம் கருணை இருந்தது. பின்னால் வந்த எதுவும் அந்தக் கொடைக்குக் களங்கமாகாது.

எல்லாம் அறிந்த இறைவன் இதை ஏன் விட்டான் என்ற கேள்வி மிச்சம். அதற்கு அந்த இளைஞருக்காக நான் விடை சொல்லக் கூடாது. தேவாரம் பாடிய அப்பருக்கு வந்த சூலை என்னும் கொடிய வயிற்றுவலியை அருள் என்கிறது பெரியபுராணம். ஆனால் திருவதிகையில் அவர் பாடிய முதல் பதிகம் வலி தாங்காத முறையீடு. அந்த முறையீட்டுக்கு இடம் தராமல் நாம் முந்திக்கொண்டு தத்துவம் பேசினால், மூச்சுக்குத் திணறுகிறவரின் வாயையும் அடைக்கிறோம்.

ஒருநாள் அவரே அதைக் கருணை என்றால் கைகூப்பிக் கேட்பேன். அதுவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து ஊதிவிட்டுப் போகச் சொல்வேன். சரிவைச் சீக்கிரம் கண்டால் மிச்சமுள்ள மூச்சைக் காக்க வழியுண்டு. அவருக்கு நான் செய்ய வேண்டிய அறம் அதுதான்.